குயிலைக் கூவச் செய்வது எது?

பங்குனி பிறந்து மாமரங்களில் வடுக்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் நாட்களில், உத்திரமேரூர் ஏரிக்கரையின்மீது விடியலுக்கு ஒரு நாழிகை முன்பாக நடந்து செல்பவர்களுக்கு, ஏதோ ஒரு வேப்பமரத்தின் அடர்ந்த தழைக்குள்ளிருந்து மெல்லிய தொனியில் தொடங்கி, ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு படி உயர்ந்து, இனி ஏற இடமில்லை என்னும் உச்சத்தில் சட்டென்று அறுந்து நிற்கும் குயிலின் குரல் கேட்காமல் இராது. கல்வெட்டுகள் வைரமேக தடாகம் என்று பெயர் சொல்லும் ஏரி இது. முதலாம் பராந்தக சோழனுடைய காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் குடவோலை முறையைப் பொறித்து வைத்த ஊர்ச் சபையார், ஏரியைக் காக்க ஏரி வாரியமும், தோப்பைக் காக்கத் தோட்ட வாரியமும் தனித்தனியே நியமித்தார்கள் என்பதைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். அந்தத் தோப்புகளிலும் இந்தப் பறவையின் முன்னோர்கள் இதே ஸ்வரத்தில்தான் கூவியிருக்கும் என்று எண்ணும்போது, அந்தக் குரலை வெறும் காலைச் சப்தம் என்று தள்ளிவிட மனம் இசைவதில்லை.

ஆனால் அதே கரையில், அதே வேப்பமரத்தடியில் மார்கழி மாதத்தில் போய் நின்று பாருங்கள். பஜனை கோஷ்டியின் பாட்டு கேட்கும், காக்கை கரையும், குயில் மட்டும் வாய் திறக்காது. ‘குயில் எங்கேயோ போய்விட்டது’ என்று ஊரில் சொல்வதுண்டு. போகவில்லை, அதே கரை மரங்களில் சத்தமின்றி அத்திப்பழமும் ஆலம்பழமும் தின்றுகொண்டு, இலைக்குப் பின்னால் ஒளிந்து காலம் கழிக்கிறது. சரீரம் அதே சரீரம், தொண்டை அதே தொண்டை. மார்கழியில் பூட்டிக் கிடந்த குரலைப் பங்குனியில் திறந்துவிடும் சாவி எது? எங்கள் வீட்டுப் பாட்டியிடம் சிறுவயதில் இதைக் கேட்டபோது, “மாந்தளிரைக் கொத்தித் தின்னாத்தான்டா கண்ணு, அதுக்குத் தொண்டை தொறக்கும்” என்று அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. பருவத்துக்கும் குரலுக்கும் இடையில் ஏதோ ஒரு தூது நடக்கிறது என்பதை அவர் சரியாகவே கண்டிருந்தார். தூதன் யார் என்பதில் மட்டுமே சாஸ்திரம் அவரோடு மாறுபடுகிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நம்முடைய கற்பனையில் இனிமையாகக் கூவுவது பெரும்பாலும் பெண்குயில். பாரதியாரின் ‘குயில் பாட்டு’ காவியத்திலும் பாடி மனத்தை மயக்குவது ஒரு பெண்குயிலே. காவியத்துக்கு அது முற்றும் பொருந்தும். ஏரிக்கரையிலோ, ஏறிக்கொண்டே போகும் அந்த நீண்ட கூவல், கரிய உடலும் சிவந்த கண்ணும் உடைய ஆண்குயிலுக்கே உரியது. பழுப்பு மேனியில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்த பெண்ணுக்கு வேகவேகமான ‘கிக் கிக் கிக்’ என்னும் குரல்தான் உண்டு. ஆண் கூவுவது, தன் எல்லைக்குள் வேறு ஆண் வராதிருக்கவும், பெண் வந்து சேரவும். இந்த இரட்டை அழைப்பின் வேரைத் தேடிச் சென்ற ஆராய்ச்சியின் கதை, குயிலிடத்தில் அன்றி, நம் வீட்டுக் கொல்லையில் உலவும் சேவலிடத்தில் தொடங்குகிறது.

உழவுமாட்டுக்குக் காயடிப்பதை அறியாத கிராமத்தார் இல்லை. விரை இழந்த காளை சாதுவாகிவிடும், திமில் பெருக்காது, முட்டாது, பொலிகாளையின் உறுமல் அதனிடம் இராது. சேவலுக்கும் அவ்வாறே செய்தால் கொண்டை வெளிறிச் சுருங்கும், கூவல் நின்றுபோகும் என்பதை உலகின் பல நாட்டு மக்கள் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தார்கள். அது ஏன் என்று கேட்டவர், ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்துப் பேராசிரியர் அர்னால்ட் பெர்த்தோல்ட். ஆறு சேவற்குஞ்சுகளை எடுத்துக்கொண்டு அவர் செய்த பரிசோதனையை 1849-ஆம் ஆண்டில் நான்கே பக்கங்களில் எழுதி வெளியிட்டார். இரண்டின் விரைகளை முற்றிலும் நீக்கினார். அவை கூவாத, சண்டையிடாத, கொண்டை வெளுத்த பறவைகளாக வளர்ந்தன. மற்றவற்றிலோ விரையை அதன் இடத்திலிருந்து பெயர்த்து வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் விட்டுவைத்தார். சிலவற்றில் ஒரு சேவலின் விரையை மற்றொன்றின் வயிற்றில் வைத்தார். அவை குறைவில்லாச் சேவல்களாக வளர்ந்தன, கம்பீரமாகக் கூவின, போட்டியிட்டன, பெட்டைகளைத் துரத்தின. பின்னர் அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறிய விரை குடலோடு ஒட்டிப் புதிய இரத்தக் குழாய்களைப் பெற்றிருந்தது. அதன் பழைய நரம்புத் தொடர்பு அறுந்தது அறுந்ததுதான். ஆகவே விரை மூளைக்குச் சொல்லும் செய்தி நரம்பு வழியாகப் போகவில்லை, குருதி வழியாகவே போகிறது என்று அவர் நிதானமாக முடிவு கூறினார். அந்த நான்கு பக்கங்களின் அருமை அவர் காலத்தவருக்குப் புலப்படவில்லை.

ஐம்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1905-இல், லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் உடலியல் அறிஞர், இவ்விதமாகக் குருதியில் கலந்து தொலைவிலுள்ள உறுப்பை இயக்கும் சுரப்புப் பொருள்களுக்கு ‘ஹார்மோன்’ என்று பெயர் சூட்டினார். ‘தூண்டி எழுப்புவது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. விரையிலிருந்து வரும் தலைமை ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோன் 1935-இல் காளையின் விரைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் ரசாயனச் சாலையிலும் அது செய்யப்பட்டது. பெர்த்தோல்ட் சேவலின் வயிற்றில் வைத்துத் தைத்த மர்மத்தை, இப்போது ஒரு துளித் திரவமாக ஊசியில் ஏற்ற முடிந்தது. அந்தத் துளியை ஏற்றினால், பிறந்து சில நாட்களே ஆன கோழிக்குஞ்சுகூடக் கழுத்தை நீட்டிச் சின்னஞ்சிறு குரலில் கூவ முயலும்.

இவ்விடத்தில் நம் ஊர்ப் பெட்டைக்கோழிக்காக ஒரு வார்த்தை பேசாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா?’ என்னும் பழமொழி நம்மிடம் உண்டு. கூவும் பெட்டை குடும்பத்துக்கு ஆகாது என்று அன்றைக்கே அதை அறுத்துவிடும் வழக்கமும் உண்டு. கோழிக்குச் சினையகம் இரண்டாக உருவானாலும், இடப்புறத்தது மட்டுமே வளர்ந்து முட்டையிடும். வலப்புறத்தது சிறு மொட்டாகவே நின்றுவிடும். நோயினாலோ முதுமையினாலோ இடப்புறச் சினையகம் கெட்டுப்போனால், அதுவரையில் அது சுரந்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோன் வற்றிவிட, வலப்புற மொட்டு சில சமயம் விரையைப்போல் வளர்ந்து ஆண்மை ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. கொண்டை சிவந்து பெருக்கும், பெட்டை கூவும். நோயுற்ற ஜீவன் ஒன்றின் குரல் அது. அதில் அபசகுனம் ஏதுமில்லை.

சேவல் ஆண்டு முழுவதும் கூவுகிறது. குயில் மட்டும் பருவம் பார்த்துக் கூவுவது எதனால் என்னும் கேள்வி இன்னும் நிற்கிறது. விரையில் சுரப்பு உண்டாக வேண்டும் என்றால், விரைக்கு யாரேனும் கட்டளையிட வேண்டும். அந்தக் கட்டளை வானத்திலிருந்து வருகிறது என்பதைக் காட்டியவர், கனடாவின் ஆல்பெர்டா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த வில்லியம் ரோவன். 1920-களில், இலையுதிர் காலத்தில் ஜங்கோ என்னும் சிறு குருவிகளைப் பிடித்துத் திறந்தவெளிக் கூண்டுகளில் வைத்து, மாலைதோறும் மின்விளக்குகளைச் சிறிது சிறிதாக அதிக நேரம் எரியவிட்டு, அவற்றுக்குப் பகல் நீள்வது போன்ற தோற்றத்தை உண்டாக்கினார். சுற்றிலும் உறைபனி கொட்டும் நடுக்குளிர் காலத்திலேயே அந்தக் குருவிகளின் விரைகள் வசந்த ருதுவில் வளர்வதைப்போல் வளர்ந்துவிட்டன. குளிரோ வெப்பமோ இங்கே முதன்மையானதன்று. பகலின் நீளமே முதற் கட்டளை என்பது தெளிவாயிற்று.

இதைவிட வியப்பு, அந்த ஒளியைப் பறவை எதனால் காண்கிறது என்பது. பிரான்ஸ் தேசத்து ழாக் பென்வா 1930-களில் வாத்துகளை வைத்துச் செய்த பரிசோதனைகள், கண்ணில்லாத வாத்தின் விரையும் ஒளிக்கு வளரும் என்று காட்டின. பிற்பாடு அமெரிக்காவில் மைக்கேல் மெனாக்கர் என்பார் நம் முற்றத்துச் சிட்டுக்குருவியையே எடுத்துக்கொண்டு, அதன் தலைத்தோலுக்கு அடியில் கறுப்பு மையைச் செலுத்தி ஒளியை மறைத்துப் பார்த்தார். விரையின் வளர்ச்சி தடைப்பட்டது. மெல்லிய மண்டையோட்டின் வழியே கசிந்து இறங்கும் ஒளியை மூளையே நேராக உணர்கிறது! அவ்வாறு உணர்ந்த மூளையின் அடிப்பகுதி, தனக்குக் கீழே பயறுபோல் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியை ஏவுகிறது. பிட்யூட்டரி தன்னுடைய ஹார்மோன்களைக் குருதியில் விடுகிறது. அவை விரையை எழுப்புகின்றன. விரை டெஸ்டோஸ்டிரோனைச் சுரந்து, மறுபடி மூளைக்கே அனுப்பிக் குரலைத் திறக்கிறது. சிறு பறவைகளின் விரை, பருவமற்ற காலத்தில் கடுகளவாய்ச் சுருங்கிக் கிடந்து, பருவத்தில் சில நூறு மடங்கு பெருக்கிறது. பறக்கும் உயிருக்கு ஆண்டு முழுவதும் வீண் பாரம் எதற்கு?

கனடாவுக்குப் பொருந்துவது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. லண்டனில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு. உத்திரமேரூரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரந்தான். இவ்வளவு சிறிய மாற்றத்தைப் பறவை அறியுமா? பனாமா நாட்டுக் காட்டில் வாழும் ஒரு சிறு எறும்புப்பறவையை ஆராய்ந்தவர்கள் 1998-இல் வெளியிட்ட முடிவின்படி, பகல் பதினேழு நிமிடம் நீண்டாலே அதன் விரை வளரத் தொடங்கிப் பாட்டும் மிகுகிறது. பனாமா நம்மைவிடவும் நிலநடுக்கோட்டுக்கு நெருங்கிய நாடு. அந்தப் பறவைக்கு உண்ணும் பூச்சியைக் கண்ணில் காட்டியபோது பாட்டு மேலும் கூடியது என்பதும் அவர்கள் கண்டதே. ஆக, வெயில் மண்டலத்துப் பறவைக்கு வானம் சொல்லும் செய்தி மெல்லிய குரலில் வருகிறது. மழையும், தளிரும், இரையும் அதைப் பக்கத்தில் நின்று வழிமொழிகின்றன. மாந்தளிர் என்று பாட்டி சொன்னதை நான் முற்றிலும் தள்ளாததற்கு இதுவே காரணம்.

மழையின் வழிமொழிதலைக் கண்ணாரக் காண வேண்டுமானால் தூக்கணாங்குருவியைப் பார்க்க வேண்டும். நம் ஏரிக்கரைப் பனைகளிலும், பாசனக் கிணற்றின்மேல் சாய்ந்த மரங்களிலும் குடுவை குடுவையாகக் கூடு தொங்கவிடும் இந்தக் குருவி, பருவமற்ற மாதங்களில் ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பு நிறமாக, பெண் சிட்டுக்குருவியோ என்று ஐயுறும்படி நெல்வயலில் கூட்டமாய் மேய்ந்து திரியும். மழை விழுந்து புல்லும் நெல்லும் நீண்ட தாளாக எழுந்தவுடன் ஆணின் உச்சந்தலையும் மார்பும் பொன்மஞ்சளாகின்றன. அது பனையோலையை நார்நாராகக் கிழித்துக் கொண்டுவந்து நெய்யத் தொடங்குகிறது. கூடு தலைக்கவசம்போல் பாதி முடிந்த நிலையில் நிறுத்திவிட்டு, அதன் அடியில் தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்துக்கொண்டு, காலனி முழுவதும் ஒரே குரலாகச் சீழ்க்கையும் கீச்சொலியுமாகப் பெண்களை அழைக்கும். பெண் வந்து கூட்டினுள் நுழைந்து, இழுத்துப் பார்த்து, திருப்தியானால் தங்கும், இல்லையேல் பறந்துவிடும். பெண் ஒப்பிய பிறகே ஆண் கூட்டை முடித்து, நீண்ட நுழைவாயிலையும் பின்னி, உடனே அடுத்த கூட்டுக்கு நார் கிழிக்கப் போய்விடும். இந்தக் குடும்ப விவகாரங்களையெல்லாம் முதன்முதலில் பொறுமையாக உட்கார்ந்து கண்டு எழுதியவர் சாலிம் அலி. பம்பாய்க்கு அருகே கிஹிம் என்னும் கடற்கரைக் கிராமத்தில் 1930-இல் கண்டவற்றை, அடுத்த ஆண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்.

உடையும், உழைப்பும், ஓசையும் ஒருங்கே வந்து ஒருங்கே மறைவதைக் காணும்போது இவை மூன்றையும் ஒரே ஹார்மோன் ஆள்கிறது என்று எண்ணத் தோன்றும். பிரகிருதி அவ்வளவு எளிய கணக்குப் போடுவதில்லை. ஆப்பிரிக்க நெசவுக்குருவிகளை ஆராய்ந்த எமில் விட்ச்சி என்னும் அறிஞர், விரை நீக்கப்பட்ட ஆணும் பருவம் வந்தால் கல்யாண உடை தரிக்கிறது என்று கண்டார். அந்த உடையை அணிவிப்பது பிட்யூட்டரியின் ஹார்மோன் ஒன்றே. நம் நாட்டுத் தூக்கணாங்குருவியின் சுரப்பிகளைக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. தப்லியாலும் அவருடைய மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். மயிலின் கதை இதைக் காட்டிலும் விசித்திரமானது. வாலிறகுக் கோலத்தை ஆணுக்கு யாரும் கொடுக்கவில்லை. பெண்ணிடத்தில் ஈஸ்ட்ரோஜன் அதை வராமல் தடுக்கிறது. சினையகம் கெட்ட பெண்மயிலுக்குத் தோகை முளைப்பதுண்டு.

குரலுக்கு வருவோம். நமக்குக் குரல்வளை தொண்டையின் மேற்பகுதியில் இருக்கிறது. பறவைக்கோ மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்குள்ளே, சிரிங்ஸ் என்னும் வேறோர் ஒலிப்பெட்டி இருக்கிறது. பாடும் பறவைகளில் அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியே ஒலிக்க வல்லவை. அதை இயக்கும் தசைகளிலேயே டெஸ்டோஸ்டிரோனை ஏற்று வாங்கும் பொறிகள் இருக்கின்றன. அந்தத் தசைகள் இல்லாத பறவையின் கதி என்ன என்பதை உத்திரமேரூரார் பக்கத்திலேயே போய்ப் பார்க்கலாம். வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பெரிய நாரைகளுக்கு ஏறக்குறைய குரலே இல்லை. பருவத்தில் அவை அலகுகளைப் படபடவென்று தட்டித்தான் தங்கள் ஆவலைத் தெரிவிக்கின்றன.

தசையைவிட மூளையிலேயே உண்மையான அதிசயம் நிகழ்கிறது. நியூயார்க்கிலுள்ள ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில், அர்ஜென்டினாவில் பிறந்த பெர்னாண்டோ நாட்டபோமும் ஆர்தர் ஆர்னால்டும் 1976-இல், கானரிப் பறவையின் மூளையில் பாட்டுக்கென்றே அமைந்த நரம்புத் திரள்கள் ஆணில் பெண்ணைவிடப் பன்மடங்கு பெரியவை என்று காட்டினார்கள். ஆண், பெண் என்னும் வேற்றுமை மூளையின் வடிவத்திலேயே கண்ணால் காணும்படி இருக்கிறது என்பது அந்நாளில் ஒருவரும் எதிர்பாராதது. ஐந்தாண்டு கழித்து நாட்டபோம் கண்டது இன்னும் பெரிது. பாடும் பருவத்தில் உள்ள ஆண்கானரியின் அந்தத் திரள், பாட்டு ஓய்ந்த பருவத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருக்கிறது. பருவம் போனதும் சுருங்கி, மறு வசந்தத்தில் மறுபடி பெருக்கிறது. பாடத் தெரியாத பெண்கானரிக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால், அதன் மூளையிலும் அந்தத் திரள் பெருத்து, அதுவும் பாடத் தொடங்குகிறது. இதைத் துருவிக்கொண்டு போனபோது, வளர்ந்த பறவையின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றன என்பது 1983-இல் வெளிப்பட்டது. முதிர்ந்த மூளையில் புதிய அணு தோன்றாது என்று அதுவரை வைத்திய சாஸ்திரம் உறுதியாய்ச் சொல்லிவந்த ஒன்று, ஒரு கூண்டுப் பறவையின் பாட்டினால் அசைந்துபோயிற்று.

அந்தச் சிறு மூளைக்குள் டெஸ்டோஸ்டிரோன் டெஸ்டோஸ்டிரோனாகவே நின்றுவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரோமடேஸ் என்னும் நொதி அதில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஆணின் பாட்டுக்குப் பெண்மை ஹார்மோன் என்று நாம் பெயரிட்டதும் துணை நிற்கிறது. பாட வேண்டும் என்னும் விழைவும், பாடும் திறமும் ஒன்றல்ல என்பதையும் ஆராய்ச்சி பிரித்துக் காட்டியிருக்கிறது. விரை நீக்கிய கானரியின் மூளையில், விழைவை ஆளும் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, அது ஓயாமல் பாடிற்று. ஆனால் பாட்டில் நயமும் நேர்த்தியும் குறைந்திருந்தன. உடல் முழுவதற்கும் கிடைத்தபோதுதான் விழைவோடு நேர்த்தியும் சேர்ந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2013-இல் கண்ட முடிவு இது.

ஹார்மோன் குரலைத் திறக்கிறது, பாட்டைக் கற்பிக்கிறதா? இங்கே குயிலும் குண்டுக்கரிச்சானும் வெவ்வேறு வழி செல்கின்றன. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிலிருந்து வெளிவந்து, காக்கையின் வாயால் ஊட்டப்பெற்று, காக்கையின் கரைதலையே கேட்டு வளர்கிறது. ஆயினும் பருவம் வந்தால் கரைவதில்லை, கூவுகிறது. அதன் பாட்டு பிறவியிலேயே எழுதப்பட்டது. ஹார்மோன் ஏட்டைப் பிரித்து வைப்பதோடு சரி. காலையில் கிணற்றுமேட்டிலும் ஓட்டுக்கூரை முகட்டிலும் உட்கார்ந்து விதவிதமாக இசைக்கும் குண்டுக்கரிச்சானோ, பாடும் பறவைக் குலத்தைச் சேர்ந்தது. அந்தக் குலத்துக் குஞ்சுகள் பெரியவற்றின் பாட்டைக் கேட்டு மனத்தில் பதித்து, குழந்தை மழலைபோல் முணுமுணுத்துப் பழகி, முதற்பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏறும்போது பாடத்தை உறுதி செய்துகொள்கின்றன. ஹரித்வாரில் குருகுல காங்கிரி பல்கலைக்கழகத்து தினேஷ் பட்டும் அவருடைய குழுவினரும் இந்தக் கரிச்சானின் எல்லைப் பாட்டுகளையும் அழைப்பொலிகளையும் ஒலிப்பதிவு செய்து, 2000-இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் விவரித்திருக்கிறார்கள். ஐரோப்பிய சாஃபிஞ்ச் குருவி முதற்பருவத்தில் கற்றதே கற்றது. பிறகு புதுப்பாட்டு ஏறாது. பாடத் தொடங்குமுன்பே விரை நீக்கிய ஒரு சாஃபிஞ்சுக்கு இரண்டாம் ஆண்டில் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பாடம் கேட்பித்தபோது, தாமதமாகவேனும் கற்றுக்கொண்டது என்று நாட்டபோம் எழுதுகிறார். கல்விப் பருவத்தின் கதவைச் சாத்துவது வயது மட்டுமன்று, அந்தத் துளியும் சேர்ந்துதான்.

இதுவரை ஆணின் உடலுக்குள்ளேயே நின்றோம். பாட்டு அதைத் தாண்டிப் பெண்ணின் உடலுக்குள்ளும் புகுந்து வேலை செய்கிறது. அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து டேனியல் லெர்மன், நம் மணிப்புறாவின் உறவாகிய வளர்ப்பு வளையப்புறாக்களைக் கண்ணாடித் தடுப்புக்கு இருபுறமும் வைத்துப் பார்த்தார். ஆண் தலைவணங்கிக் குமுறுவதைக் கண்டும் கேட்டும் வந்த பெண்ணின் சினையகம், தீண்டலே இல்லாமல் வளர்ந்தது. விரை நீக்கப்பெற்று, குமுறாது நின்ற ஆணுக்கு எதிரில் வைத்த பெண்ணிடம் அந்த வளர்ச்சி இல்லை. அங்கேயே பின்னர் ஆராய்ந்த மெய்-ஃபாங் செங் என்னும் அம்மையார், ஆணைக் கேட்டுப் பதிலுக்குக் குமுறும் பெண், தன் குரலைத் தானே கேட்பதனால்தான் தன் சினையகத்தை வளர்த்துக்கொள்கிறது என்று நிறுவினார். ஒளி ஹார்மோனாகி, ஹார்மோன் ஓசையாகி, ஓசை மற்றோர் உடலில் மறுபடி ஹார்மோனாகிறது. இந்த விஷயம் முழுவதிலும் என் மனத்தை மிகவும் கவர்ந்தது இதுவே. புறாவின் குமுறலைக் கேட்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

எதிரியின் குரலுக்கும் இந்த வல்லமை உண்டு. தன் எல்லைக்குள் வேறோர் ஆண் புகுந்தால், பல பறவைகளில் டெஸ்டோஸ்டிரோன் திடீரென்று ஏறுகிறது என்பதை ஜான் விங்ஃபீல்டும் அவருடைய சகாக்களும் 1990-இல் தெளிவாக எடுத்துரைத்தார்கள். நம் பக்கத்துக் கரம்புகளில் கௌதாரி பிடிப்பவர்கள் இதை ஏடு படியாமலே அறிந்திருந்தார்கள். ஓர் ஆண் கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவவிட்டால், அந்நியன் குரலைக் கேட்ட அந்த நிலத்து ஆண், சினம் பொங்க ஓடிவந்து கண்ணியில் விழும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 முதல் இதைக் குற்றமாக்கியிருக்கிறது, ஆக்கியது நியாயமே.

ஓயாமல் கூவுவது பறவைக்கு இலாபமா என்றால், இல்லை. செயற்கையாக டெஸ்டோஸ்டிரோன் ஏற்றப்பட்ட ஈப்பிடிப்பான்களும் ஜங்கோக்களும் பாடிக்கொண்டே இருந்து, குஞ்சுகளுக்கு இரை கொண்டுவருவதைக் குறைத்துக்கொண்டன. ஆகையால் குஞ்சு பொரித்த தகப்பன் பறவைகள் பலவற்றில், அந்தச் சுரப்பு தானே இறங்கிப் பாட்டை அடக்குகிறது. குஞ்சைக் காக்கையிடம் ஒப்படைத்துவிட்ட குயிலுக்கு அத்தகைய கடமை இல்லை. பங்குனியில் எடுத்த குரலை அது ஆடி வரையில் விடாமல் நீட்டிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஹார்மோனே சகலமும் என்று முடித்துவிடுவதற்கில்லை. ஒரு ஜீப்ரா ஃபிஞ்ச் குருவி, வலப்பாதி ஆணாகவும் இடப்பாதி பெண்ணாகவும் பிறந்திருந்ததை ஆர்னால்டும் பிறரும் ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள். இரு பாதியிலும் ஓடியது ஒரே குருதி, ஒரே ஹார்மோன். ஆயினும் பாட்டுக்குரிய நரம்புத் திரள் வலப்பாதியில்தான் அதிகமாக வளர்ந்திருந்தது. அணுக்களுக்கும் தமக்கென்று ஒரு சொல் உண்டு. பாடுவது ஆண் மட்டுமே என்பதும் குளிர்நாட்டவரின் தோட்டத்தை மட்டும் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. 323 பாடும் பறவை இனங்களைக் கணக்கெடுத்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், நூற்றுக்கு எழுபத்தொன்றில் பெண்ணும் பாடுகிறது என்று தெரிந்தது. அப்படிப் பாடும் பெண் பறவைகள் நம்முடையது போன்ற வெப்ப நாடுகளிலேயே மிகுதி.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வரும் தை மாதம் தொடங்கி, உங்கள் ஊரில் குயில் எந்த நாள் விடியலில் முதன்முதலாகக் கூவுகிறது, எந்த மரத்திலிருந்து கூவுகிறது என்பதைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலேயே குறித்து வையுங்கள்; பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளையும் குறிக்கச் சொல்லுங்கள்; ஆவணியில் அது ஓயும் நாளையும் எழுதுங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்திருக்கிறது. ஓலை வெட்டுவதற்கு அனுமதி ஏதும் வேண்டியதில்லை. ஆயினும் ஏரிக்கரைப் பனையில் தூக்கணாங்கூடுகள் தொங்கும் மாதங்களில், குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்த மரத்தின் ஓலையை மட்டும் விட்டுவையுங்கள்.